ஜனவரிக்கு ஒரு எடிட்டர்

கட்டபெட்டில் உரக்கடைக்கு மேலே என் அறை.
யூரியா வாசம் படியேறி வந்து
விசைப்பலகையின் இடுக்குகளில் தங்கிவிட்டது.
பின்னிரவில் தேயிலைமேல் உறைபனி;
காலையில் பார்த்தால் பள்ளத்துச் செடியெல்லாம்
வெந்நீர் ஊற்றியதுபோலக் கருகியிருக்கும்.
அந்தக் குளிரில்தான்
எந்த எடிட்டரில் எழுதுவது என்று
ஒரு வாரமாக முடிவெடுத்துக்கொண்டிருந்தேன்.

சிறு விவசாயிகள் சங்கத்துக்கு ஒரு கணக்கு:
பச்சையிலை எடை, ஈரத்துக்குக் கழிவு, கிலோவுக்கு விலை.
ஹாஸ்கெல்லில் எழுதலாம் என்றது நான்தான்.
அதில் ஒரு பெயருக்கு ஒரு மதிப்பைக் கொடுத்தால்
கொடுத்ததுதான். பிறகு யாரும்
இருபத்துமூன்றைத் தொட்டு இருபதாக்க முடியாது.
செயலாளர் நஞ்சன் தராசைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
"இதை முப்பது வருசம் முன்னாடியே
கண்டுபிடிச்சிருக்கலாமே."
கண்டுபிடித்திருந்தார்கள். நான் சொல்லவில்லை.

குன்னூரிலிருந்து பெள்ளிராஜ் போனில் இமாக்ஸ் என்றான்.
எல்லாம் அதற்குள்ளேயே இருக்கிறதாம்,
குடிபோனால் வெளியே வரவே வேண்டாமாம்.
போட்டேன். கண்ட்ரோலை அழுத்தும் இடது சுண்டுவிரல்
குளிரில் மடங்க மறுத்தது.
மூன்றாம் நாள் அந்த ஒரு விரலுக்கு மட்டும்
கம்பளி சுற்றி உட்கார்ந்திருந்தபோது
உரக்கடைப் பையன் "அடிபட்டிருச்சாக்கா?" என்றான்.

பிறகு விம். லேசு.
திறந்ததே தெரியாமல் திறக்கும்.
நகர ஒரு நிலை, எழுத ஒரு நிலை;
நகர்வதாக நினைத்துக்கொண்டு
எடைப் பட்டியலின் நடுவே
ஜே ஜே ஜே ஜே என்று எழுதிவைத்தேன்.
பழகிவிட்டது. உண்மையைச் சொன்னால் பிடித்துவிட்டது.
ஒரே குறை,
அதில் லேப்டாப் சூடாகவில்லை.

மூன்றாவது எல்லோரும் வைத்திருப்பது, விஎஸ் கோட்.
என் நாலு ஜிபி மிஷினில் அது ஏறியதும்
கொண்டை ஊசி வளைவில் லோடு லாரி மாதிரி
விசிறி இரைந்தது.
பின்னாலேயே மொழிக்கான சர்வர் தொற்றிக்கொண்டு
மிச்ச நினைவகத்தையும் தின்றது.
வெறுப்பதற்குத் தயாராகி
விசைப்பலகைமேல் கை வைத்தேன்.
வெதுவெதுப்பு.
விரல்கள் ஒவ்வொன்றாக என்னிடம் திரும்பி வந்தன.

இதைப் பெள்ளிராஜிடம் எப்படிச் சொல்வேன்?

அன்றிரவு அது ஒரு மஞ்சள் கோடு போட்டது.
சாக்கில் இரண்டு வகை என்று நானே எழுதியிருந்தேன்:
பாஸ்புக் எண்ணோடு வருவது, எண்ணில்லாமல் வருவது.
கணக்கை முதலாவதற்கு மட்டும் போட்டிருந்தேன்.
இன்னொன்று எங்கே என்றது கோடு.
கேட்டது கம்பைலர்தான், எடிட்டர் வெறும் தூதன்;
விம்மில் இருந்தாலும் காலையில் தெரிந்திருக்கும்.
ஆனாலும் ராத்திரி இரண்டரைக்கு,
கை சூடாக இருக்கும்போது கேட்ட கேள்வி.

மறுநாள் தராசடியில் போய் நின்றேன்.
கதிராயி வந்தாள். குத்தகைத் தோட்டத்தில் பறிப்பவள்.
நிலம் அவள் பெயரில் இல்லை, அதனால் பாஸ்புக்கும் இல்லை;
அவள் இலை தினமும்
வேறு யாரோ ஒருவர் எண்ணில் ஏறும்.
பதினெட்டு கிலோ.
"இன்னைக்கு யாரு பேர்ல?" என்று அவளே கேட்டாள்,
கோத்தகிரி பஸ் போயிருச்சா என்று கேட்பதுபோல.

திரும்பி வந்து அந்த இடத்தில்
ஒரு அடிக்கோடு மட்டும் போட்டேன்.
ஹாஸ்கெல்லில் அது ஒரு துளை.
இங்கே என்ன வர வேண்டும் என்று கேட்டால் வகையைச் சொல்லும்.
ரூபாய், என்றது.
யாருக்கு என்பது அதற்குத் தெரியாது.
நஞ்சனுக்குத் தெரியும்,
கூட்டம் போட்டுப் பேசணும் என்கிறார்.

மஞ்சள் இப்போது சிவப்பாகிவிட்டது.
துளை அடையும்வரை நிரல் ஓடாது.
பூஜ்யம் என்று போட்டால் உடனே ஓடும்,
பூஜ்யமும் ரூபாய்தான், வகை சரியாக இருக்கும்,
எந்த எடிட்டரும் ஒரு கோடும் போடாது.

ஏப்ரலில் வெயில் வந்ததும் விம்முக்கே போய்விடுவேன்.
இப்போது விசிறி இரைகிறது.
கீழே யாரோ ஷட்டரை இறக்குகிறார்கள்.
அடிக்கோட்டுக்குப் பக்கத்தில்
கர்சர் மினுக்குகிறது, கை வெதுவெதுப்பாக இருக்கிறது,
பூஜ்யத்தின் விசை
வலது சுண்டுவிரலுக்கு எட்டும் தூரத்தில்.