சொறிக்கு ஐஸ் இல்லை

காசிமேட்டில் இரவு இரண்டரை.
சறுக்குப் பலகையில் இறங்கி வருகிறது ஐஸ் பார்,
நடுவில் பால் உறைந்த மாதிரி ஒரு வெள்ளை.
எட்வின் கொக்கி போட்டு இழுத்து
அரவை மெஷினில் தள்ளுகிறான்.
காது அடைத்துப்போகிறது.

பாதியில் விட்ட ஜியாலஜியில்
எனக்கு மிஞ்சியது இவ்வளவுதான்:
எழுபது கோடி வருஷம் முன்னால்
கடல் மொத்தமும் ஒரே பார்.
மலைகளை அது மாவாக அரைத்துக்கொண்டே கிடந்தது,
யாருக்கென்று தெரியாமல்.

உருகியபோது
மாவு கடலுக்குப் போனது.
பாசி தின்றது.
பாசியைத் தின்ன, பிற்பாடு,
வாய் என்று ஒன்று வந்தது.

"யோவ், பொட்டி ரொம்பிடுச்சி, பாக்கல?"
வஞ்சிரம், சங்கரா, காரப்பொடி
எல்லாம் வாய் பிளந்து ஐஸுக்குள்.

வலையோடு வந்த சொறியை மட்டும்
பில்மோன் காலால் ஒதுக்குகிறான்.
எலும்பில்லை, விலையில்லை,
அதற்கு யாரும் ஐஸ் வைப்பதில்லை.
டியூப்லைட் வெளிச்சம் அதன் வழியாகத்
தரைக்குப் போகிறது.
இதன் பாட்டன் பூட்டன் பார்க்காத ஐஸா.

விரல் மரத்துவிட்டது. டீக்குப் போகணும்.
அதற்கு முன்
ஷவலில் அள்ளி
சுவர் தாண்டி இருட்டுக்குள் வீசினேன்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
பிறகு, தண்ணீர்ச் சத்தம்.