திங்கட்கிழமைக் கோட்டைகள்

பீட்சாக் கடைக்குத் திங்கள் விடுமுறை.
இந்த நாட்டுக் கோட்டைகளுக்கும் அதே திங்கள்தான்.
ஒன்பது வருடமாக நானும் இவரும் பார்த்ததெல்லாம்
பூட்டிய கதவுகள்.

லென்ஸ்பூர்க்கில் இரும்பாணிகளை எண்ணினோம்.
கீபூர்க்கில் மழை பிடித்துக்கொண்டது.
மூடிய வாசலின் வளைவுக்குக் கீழே
ஒரு மணி நேரம்,
ஒரு குடை, இரண்டு கோபம்.

உள்ளே என்ன இருக்கிறதோ தெரியாது.
வெளியே எல்லாம் தெரியும்:
எந்த மூலையில் கல் நெகிழ்ந்திருக்கிறது,
எந்தப் பக்கம் சரிவு ஏறலாம்,
குப்பை வண்டி எத்தனை மணிக்கு வரும்.

நகரசபையில் நாள் டிக்கெட் இரண்டு,
மாதத்துக்கு முன்பே எடுத்தால் மலிவு,
திருப்பிக் கொடுக்க ஏலாது.
சுரங்கத்துக்குள் ரயில் நுழைந்தது. காது அடைத்தது.
வெளியே வந்தபோது பெட்டிக்குள் மொழி மாறியிருந்தது,
இவருடைய மொழியாக.

கடையில் கற்ற இத்தாலியன் அது:
சூடு, கத்தி, கெதியாய், பின்னால் வாறன்.
அதை வைத்துக்கொண்டு வழி கேட்டார்.
'பின்னால் வாறன்' என்றதும்
முன்னால் போன கிழவர்
இரண்டு தரம் திரும்பிப் பார்த்தார்.

தபால் பேருந்து கடைசி வளைவில் எங்களை விட்டுப் போனது.
அதற்கு மேல் படிகள்.
பாதி எழுத்து உதிர்ந்த பெயர்ப்பலகை,
அடைத்த சன்னல்கள், அடைத்த வெதுப்பகம்,
பூனைகளுக்கு மட்டும் வேலைநாள்.

மூச்சு வாங்க நின்ற இடத்தில் நினைவு வந்தது,
பத்தாம் வகுப்புப் புறத்திணை.
மதிலை வளைப்பவர் சூடுவது உழிஞை,
உள்ளிருந்து காப்பவர் சூடுவது நொச்சி.
பரீட்சையில் மாற்றி எழுதி
இரண்டு புள்ளி போனது.
உழிஞைக்கு இங்கே எங்கே போவது?
கல்லிடுக்கில் நின்ற மஞ்சள் பூவைக் காதில் செருகினேன்.
"ஆரோட சண்டைக்குப் போறீர்?" என்றார் இவர்.

வாசலில் அட்டை தொங்கியது.
வாசிக்கத் தேவையில்லை, அதன் முகம் தெரியும்.
வாங்கில் பையை வைத்துவிட்டு
வழக்கம்போல மதிலைச் சுற்றினோம்.

பின்பக்கம் ஒரு சின்னக் கதவு
வாளி ஒன்று முட்டுக்கொடுக்கத் திறந்திருந்தது.
உள்ளே ஒரு பெண், முழங்கால் வரை சுருட்டிய காற்சட்டை,
பெயர் ஒர்னெல்லா என்றாள்.
இவர் தவநேசன் என்று தொடங்கி,
பாதியில் நிறுத்தி,
நேசோ என்றார். கடைப்பெயர்.

மண்டபத்துக்குள் போக முடியாது என்று கையால் காட்டினாள்.
நான் அதற்குள் மோந்துவிட்டேன்.
ஆஸ்பத்திரியில் நான் போடுகிற அதே மெழுகு,
காய நாலு மணி நேரம்.
அரசனே வந்தாலும் மிதிக்க விடமாட்டேன்.

குசினி மட்டும் கல் தரை.
போங்கோ என்றாள், அவள் மொழியில்.

ஒன்பது வருடத்துக்குப் பிறகு
ஒரு கோட்டைக்குள் கால் வைத்து
இவர் பார்த்தது அடுப்பு.
மாடு நிற்கலாம் அதற்குள்.
புகைபோக்கிக்குள் தலையை விட்டு
"இழுவை நல்லம்" என்றார்.
"இதில ரெண்டு பேர், அதில ஒருத்தர்,
கோப்பை கழுவுறவன் அந்த இருட்டுக்குள்ள."
இருட்டுக்குள் போனார்.

கல்தொட்டிக்கு முன்னால் தரை
இரண்டு குழியாகத் தேய்ந்திருந்தது.
யாரோ நின்ற இடம். எத்தனை பேரோ.
இவரும் இந்த நாட்டில் முதல் நாலு வருடம்
அப்படி ஒரு தொட்டிக்கு முன்னால்தான்.
சப்பாத்துகளைக் குழிக்குள் வைத்துப் பார்த்தார்.
"கட்டையான ஆள் போல" என்றார்.
பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை.

நான் அம்பு விடுகிற துவாரத்துக்குப் போனேன்.
கீழே சரிவு, படி, வாங்கு.
நாங்கள் எப்போதும் நிற்கிற பக்கம்
இங்கிருந்து இவ்வளவு சிறிதாகத் தெரியும் என்று
நினைத்திருக்கவில்லை.

வாங்கில் என் பை.
பைக்குள் தலை விட்டபடி ஒரு சாம்பல் பூனை,
எங்கள் ரோல்ஸ் ஒன்றை இழுத்தெடுத்து
அவசரமில்லாமல்.

கத்தினேன். மதில் மொத்தம், குரல் போகவில்லை.
கையைக் காதுக்குக் கொண்டுபோனேன்,
பூவைக் கழற்றுவதா விடுவதா தெரியாமல்.