துப்பரவு செய்யப்பட்ட பரப்பு

பெரிய தோசைக்கல் அளவு. கறுப்பு.
முழங்கால் ஏலாது என்று நான் சொன்ன மாசம்
இன்பராசன் என்.சி. வீதியில் தவணைக்கு எடுத்து வந்தான்.
"இனி நீ குனிய வேண்டாம்."
குனிவதைப் பற்றி அவனுக்கு என்ன தெரியும்.

கச்சான் காற்றுக் காலம் அது.
மனையாவெளி மணல் யன்னல் கம்பிக்குள்ளால் வந்து
வீட்டுக்காரர் மாதிரி உட்காரும்.
மகன் கடலில் இருந்து கொண்டுவருவது வேறு கணக்கு.
பிளக்கைப் போட்டோம்.
பெண்குரலில், விளங்காத மொழியில் ஏதோ சொல்லிவிட்டு
மெசின் கதிரைக்குக் கீழே புறப்பட்டது.

முதல் நாளே எனக்குப் பிடிக்கவில்லை.
இப்படியா ஒரு இடத்தைத் துப்பரவாக்குவது?
சுவரில் முட்டுகிறது, திரும்புகிறது,
பாதி அறையை விட்டுவிட்டுக் குசினிக்குப் போகிறது,
போன காரியம் மறந்து வருகிறது.

நாங்கள் என்றால்
ஒரு மீற்றர் அகல ஒழுங்கை.
இரண்டு பக்கமும் கயிறு.
கண்ணாடி மூடிக்குள் வேர்வை கண்ணில் இறங்க, முழங்காலில் நின்று
ஒரு சாண் மண்ணை மூன்று தரம் கேட்ட பிறகுதான்
சிவப்புத் தடி ஒரு சாண் முன்னுக்குப் போகும்.
பதினொரு வருசம்.
சம்பூர்ப் பக்கம், பிறகு குச்சவெளிக்கு அங்கால், பிறகு வன்னி.
நல்ல நாளில் மூன்று பாய் விரிக்கிற அளவு முடியும்.

இது அரை மணித்தியாலத்தில் வீட்டை முடித்துவிட்டுப்
பாட்டு வேறு பாடுகிறது.

பாட்டு நின்றதும் நான் எழும்புவேன்.
வெள்ளை லேஞ்சியால் மூலை மூலையாகத் தொட்டுப் பார்ப்பேன்.
இன்பராசன் சிரிப்பான்.
எங்களுக்கும் ஒருத்தி இருந்தாள், தவக்கொழுந்து அக்கா.
நாங்கள் முடித்த மண்ணில் பத்தில் ஒன்றைத் திரும்பக் கிண்டுவாள்.
அவள் கையெழுத்துக்குப் பிறகுதான்
அந்தக் காணியில் ஒரு மாடு நடக்கலாம்.

செவ்வாய்க்கிழமை.
மகன் பள்ளிக்கூடம். இன்பராசன் துறைமுகத்தில்.
நான் சூடை மீன் வெட்டிக்கொண்டிருந்தேன்.
அலுமாரிக்குக் கீழே இருந்து

பீப்.

பிறகு ஒன்றுமில்லை. பிறகு

பீப்.

எந்த இடத்தில் கால் வைத்திருக்கிறேன்,
இனி எந்த இடத்தில் வைக்கலாம் என்று
என் வீட்டுச் சீமெந்துத் தரையைப் பார்த்தபடி நின்றேன்.
எவ்வளவு நேரம் என்று தெரியாது.
பூனை மூன்று மீனை முடித்திருந்தது. அவ்வளவு நேரம்.

பிறகு குப்புறப் படுத்தேன்.
முதலில் கண். பிறகு விரல் நுனி. இழுப்பது கடைசியில்.
மகனின் ஒற்றைச் சொக்ஸ்,
பிரஷ்ஷில் சுற்றி, இறுகி, நூல் நூலாய்.
மீன் கத்தியால் ஒவ்வொன்றாக அறுத்தேன்.
"மெதுவா, மெதுவா" என்று யாரோ சொல்லிக்கொண்டிருந்தார்கள்.
நான்தான்.
வாடை இன்னும் அதில் இருந்து போகவில்லை.

பின்னேரம் இன்பராசன் போனைக் காட்டினான்.
வீட்டின் வரைபடம். போன இடம் நீலம், போகாத இடம் சாம்பல்.
கட்டிலுக்குக் கீழே ஒரு சாம்பல் துண்டு இருந்தது.
அங்கே ஒரு பெட்டி, அதற்குள் என் பழைய சப்பாத்து.
அவன் கேட்கவில்லை. நானும் நகர்த்தவில்லை.
அடியில் எழுதியிருந்தது:
துப்பரவு செய்யப்பட்ட பரப்பு, நாற்பத்திரண்டு சதுர மீற்றர்.
எனக்கு ஒரு கிழமை வேலை.

ஆனால் நாங்கள் எடுத்தது எடுத்ததுதான், திரும்பி வராது.
இது இன்றைக்கு எடுத்த மணலைக்
காற்று நாளைக்கே கொண்டுவந்து வைக்கும்.
பாவம், இதற்குக் கையெழுத்துப் போட ஆளில்லை.
அதை நினைத்த நாளில் இருந்து
லேஞ்சி அலுமாரியில்தான்.

நேற்றுக் கதவு திறந்து கிடந்தது.
கோட்டைப் பக்கத்து மான் ஒன்று வாசல் வரை வந்து நின்றது.
மெசின் படியோரம் வரை ஓடிப்போய்,
விளிம்பை உணர்ந்து,
நின்றது.
இரண்டும் ஒன்றையொன்று பார்த்தமாதிரித்தான் இருந்தது.
பிறகு மான் தலையை நீட்டி
படியில் கிடந்த உத்தரவாத அட்டையை எடுத்து
அவசரமில்லாமல் மென்றது.
இன்னும் எட்டு மாசம் இருந்தது அதில்.