அறுபது வாக்கியங்கள்

ஒரு பள்ளிக்கு எழுநூறு ரூபாய், பஸ் காசு தனி.
முக்கூடல், பன்னிரண்டாம் வகுப்பு, பி பிரிவு,
நாற்பத்தொரு பேர்.
'இதில் சரியான விடை, தவறான விடை
என்று எதுவும் இல்லை' என்று தொடங்கினேன்.
கடைசி பெஞ்சில் யாரோ
சத்தமாகவே மூச்சு விட்டார்கள்.

பிடிக்கும், பிடிக்காது, சொல்லத் தெரியவில்லை.
அறுபதையும் கூட்டினால் ஆறு கட்டம்,
கட்டங்களுக்குள் எங்கோ ஒரு ஆள்,
ஆளுக்குக் கீழே மூன்று வேலை.
கணினி சொல்லும்.
ஒப்பம் மட்டும் என்னுடையது.

பால்துரை எல்லாவற்றுக்கும் 'பிடிக்கும்' போட்டிருந்தான்.
பிடிக்காது என்று சொல்லிவைத்தால்
கிடைக்கிறதும் கிடைக்காமல் போய்விடுமாம்.
அவனைப் பார்த்து எழுதிய வானமாமலைக்கும்
அவனுக்கும் ஒரே முடிவு: கப்பல் பொறியாளர்.
ஜன்னலுக்கு வெளியே ஆற்றில்
முழங்கால் தண்ணீர்.

'தனியாக வேலை செய்யப் பிடிக்கும்' என்பதில்
இரண்டு தடவை டிக் அடித்திருந்தான் செல்வின்.
வீட்டில் ஒன்பது பேர், ஒரு அறை, ஒரு ஃபேன்.
'தனியா இருந்து பாத்ததில்ல மேடம்.
பிடிக்கும்னுதான் நெனைக்கேன்.'

பதினேழாம் வாக்கியம்:
விரல்களால் நுணுக்கமான வேலை செய்யப் பிடிக்கும்.
இ. முப்பிடாதி மூன்று கட்டத்தையும் விட்டுவிட்டு
ஓரத்தில் ஒரு சொல் எழுதியிருந்தாள்:
தெரியும்.

நாற்பத்திரண்டு:
பிறர் எழுதிய கணக்கைச் சரிபார்க்கப் பிடிக்கும்.
அந்த இடத்தில் மட்டும்
பேனா தாளைக் கிழித்திருந்தது.

எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்.
நாற்பத்தொரு பேரில் ஒருத்தியாவது
தெளிவாக விழுந்திருக்கிறாள்.
கூப்பிட்டு, 'தணிக்கை' என்றேன்.
'பி.காம் படி. ஆடிட்டர் ஆபீஸ். ஏ.சி. ரூம்.
உனக்கு இதில நல்ல ஆர்வம் இருக்கு.'

'ஆர்வம்லாம் இல்ல மேடம்.
பீடிக்கடையில பாஸ் புத்தகத்துல
எழுநூறு கிராம் இலைன்னு எழுதுதாவ.
வீட்டுல வந்து நிறுத்தா அறுநூத்தம்பது.
ஆயிரம் பீடி சேரலன்னா
அம்மதான் கைக்காசு போட்டு இலை வாங்குதா.
கழிவுன்னு ரெண்டு கட்ட எடுத்து அந்தால வப்பாவ,
அந்தக் கட்டு எங்க போவுதுன்னு யாரும் கேக்கதில்ல.
நாலு வருஷமா நான் தனியா நோட்டுல எழுதுதேன்.
கோவம் மேடம்.
கோவத்துக்கு இதுல எந்தக் கட்டம்?'

கை, மூளை, கலை, தொண்டு, தலைமை, ஒழுங்கு.
ஆறையும் ஒரு முறை பார்த்தேன்.
சுளவு மடியில் அழுத்தும் இடத்தில்
அவள் சீருடை நிறம் வெளுத்திருந்தது.
சாயங்காலம் ஐந்நூறு, ஞாயிறு ஆயிரம்.

மணி அடித்தபிறகு திரும்பி வந்தாள்.
'கடையில தராசு சரியா இருக்கான்னு பாக்க
ஒரு ஆபீசர் வருவாவளாமே,
அதுக்கு என்ன படிக்கணும்?'

என் பட்டியலில் இருநூற்றுப் பன்னிரண்டு வேலை.
அது இல்லை.

ஜங்ஷன் பஸ்ஸில் ஜன்னலோரம்,
சேரன்மகாதேவி வரைக்கும் சிக்னல் இல்லை.
வேலைக்குச் சேர்ந்த முதல் நாள்
பயிற்சிக்காக நாங்களும் இதை நிரப்பினோம்.
'பிறர் பேசுவதைக் கேட்கப் பிடிக்கும்.'
பிடிக்கும் என்றுதான் போட்டேன்.
மூன்று மாதம் வாடகை பாக்கி அப்போது.
பால்துரைக்கு நான்
புத்திமதி சொல்லியிருக்க வேண்டியதில்லை.

புதன்கிழமை முடிவுகள் அச்சாகி வந்தன.
முப்பிடாதியின் தாளில்
கணினி கொடுத்த மூன்று வேலைக்குக் கீழே
பேனாவால் ஒரு வரி சேர்த்தேன்:
முத்திரை ஆய்வாளர், தொழிலாளர் துறை.
என்ன தேர்வு, எத்தனை வயதுக்குள்,
விண்ணப்பம் எங்கே கிடைக்கும்.

ஒவ்வொரு எண்ணையும் இரண்டு தடவை பார்த்தேன்.
அவள் சரிபார்ப்பாள்.