திடீரென்று

பாலிசியின் நாற்பத்தோராம் பக்கத்தில் இருந்தது
அந்த ஒற்றைச் சொல்.
திடீரென நேர்ந்த மாசுக்கு மட்டுமே இழப்பீடு.
அதற்குப் பொருள் சொல்லியே
இருபத்தாறு வருடம் வயிறு வளர்த்தேன்.

முதலில் காப்பீட்டு நிறுவனத்துக்காக, டிரென்டன் நீதிமன்றத்தில்:
திடீரென்றால் கதவு அறைவதுபோல,
கண்ணாடிக் குவளை கைதவறுவதுபோல.
முப்பது வருடமாய்ப் பீப்பாய்கள் கசிந்ததை
எந்த அகராதி திடீரென்கும், கனம் கோர்ட்டார் அவர்களே?
ஜெயித்தேன்.
சாயத் தொழிற்சாலை மஞ்சள் கடிதாசி கொடுத்தது.
கிணறுகளுக்கு ஒரு காசு வரவில்லை.

பிறகு கட்சி மாறினேன்.
மனசாட்சி என்று சொல்லிக்கொள்ளலாம்.
பங்குதாரராக்கவில்லை என்ற கடுப்பும் உண்டு.
அரசுத் தரப்பில், அதே கறுப்புக் கோட்டில்:
திடீரென்றால் எதிர்பாராதது, அவ்வளவுதான்.
வீக்கர்ஸ் ஓடை பச்சையாய் ஓடுமென்று
யார் எதிர்பார்த்தார்கள்?
எதிர்த்தரப்பு வக்கீல்
என் பழைய வாதத்தை எனக்கே படித்துக் காட்டினான்,
ஒரு காற்புள்ளி பிசகாமல்.
நன்றாகத்தான் எழுதியிருந்தேன்.

தோல் ஆலை வழக்கில் சாட்சி, டோலோரஸ் வான்ஹூட்டன்.
பள்ளிப் பேருந்து ஓட்டுபவர்.
தண்ணீர் கெட்டது எப்போது தெரிந்தது?
துவைக்கும்போது.
தேதி?
மகனின் வெள்ளைச் சட்டைகள் தேநீர் நிறமாகிக்கொண்டே வந்தன.
தேதி வேண்டும், அம்மா.
கைப்பையின் வாரை முறுக்கியபடி
நெடுநேரம் யோசித்தார்.
"கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தெரிந்தது.
ஆனால் ஒருநாள்
திடீரென்று தெரிந்தது."

ஆட்சேபணை என்று
இரு தரப்பும் ஒரே மூச்சில் எழுந்தோம்.
நீதிபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
தட்டச்சு செய்பவளின் விரல்கள் மட்டும்
அந்த வாக்கியத்தை முடித்துவிட்டு நின்றன.

அன்று மாலையே சமரசப் பேச்சு.
தொகையைச் சொல்லக் கூடாதென்று
நான்தான் ஒரு ஷரத்து எழுதினேன்.
இருநூற்றுப் பன்னிரண்டு பெட்டிகள்
ஏதோ கிடங்கில் வாடகைக்குக் குடியிருக்கின்றன.

ஓய்வு பெற்ற பின் ஒருமுறை
அந்தப் பக்கம் காரில் போனேன்.
வான்ஹூட்டன் அடையாளம் கண்டு உள்ளே அழைத்தார்.
சமையலறை மூலையில்
கடையில் வாங்கிய தண்ணீர்க் கேன்கள், ஆறோ ஏழோ.
கிணறு சுத்தமாகிவிட்டதென்ற அறிக்கையை
அவருக்கு அனுப்பியதும் நான்தான்;
குளிர்சாதனப் பெட்டியில் காந்தம் வைத்து ஒட்டியிருந்தார்.

காபி தந்தார்.
குடித்தேன்.
எந்தத் தண்ணீர் என்று
நான் கேட்கவில்லை.