சனிக்கிழமையின் வால்

குட்டியானையில் பீரோ ஏறிவிட்டது,
கட்டில், கிரைண்டர், துளசிச் செடிகூட ஏறிவிட்டது.
அட்டாலியிலிருந்து கடைசியாக இறங்கிய
இந்த ஹார்லிக்ஸ் பாட்டிலைத்தான்
யார் மடியில் வைப்பதென்று தெரியவில்லை.
"ஏனுங்க்கா, உள்ள கல்லுங்களா?" என்றான் டிரைவர்.
பதினோரு வருசத்துச் சனிக்கிழமைங்க தம்பி.

பனியன் கம்பெனியில் அன்றைக்குத்தான் சம்பளம்.
பழுப்புக் கவரின் மேல்
இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பத்தேழு என்று
பேனாவில் எழுதியிருக்கும்.
வீடு சேர்வதற்குள் நோட்டுகளை
மளிகைக்காரரும் சீட்டுக்காரம்மாவும்
ஆளுக்குக் கொஞ்சமாய்ப் பிரித்துக்கொள்ள
அந்த ஏழு மட்டும்
கவரைத் தலைகீழாகத் தட்டினால்
வால் மாதிரி வந்து விழும்.
விழுந்ததைப் போட்டுவைத்தேன்.
சேமிக்கிறேன் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

பிறகு அக்கவுண்டில் ஏறத் தொடங்கியது
வாலில்லாத சம்பளம்.
பூக்காரியும் கூடைக்குள்ளிருந்து
கட்டம் போட்ட அட்டையை எடுத்து நீட்டுகிறாள்.
பாட்டில்
கழுத்துக்கு நாலு விரல் கீழே
வளர்த்தி நின்ற பிள்ளையாக அப்படியே நின்றுவிட்டது.

போன வாரம் பேங்குக்குத் தூக்கிப்போனேன்.
கேஷியர் பாட்டிலைப் பார்த்தார்,
எனக்குப் பின்னால் நின்ற வரிசையைப் பார்த்தார்.
"எண்ணி, நூறு நூறாக் கட்டி,
பதினஞ்சு தேதிக்கு மேல வாங்கம்மா."

பேக்கரி சிதம்பரநாதன் நல்ல மனுசன்.
கேக் நிறுக்கும் தராசில் கொட்டச் சொன்னார்.
"நூறு ரூபாக் காசு இத்தன கிராம்னு
கணக்கு இருக்குதுங்க்கா."
பழைய ரூபாய் தடி, புது ரூபாய் மெலிசு.
மூன்று தரம் நிறுத்தோம், மூன்று விடை வந்தது.
தேங்காய் பன் வாங்க வந்தவர்
நாலாவது விடை சொன்னார்.
பத்து ரூபாய்க் காசைத் தொடவே மாட்டேனென்றார் சிதம்பரநாதன்.
"இது இங்க ஓடாதுங்க்கா."
செல்லும்னு டிவியில சொன்னாங்களே.
"டிவியில செல்லும்."

இப்போது போயம்பாளையம்.
மாட்டாத டியூப்லைட் சுவரோரம் சாய்ந்திருக்க
செல்போன் வெளிச்சத்தில்
போர்வை விரித்துக் கொட்டினோம்.
அவர் இருபதாயிரம் என்றார்.
மிதுனா ஐந்தாயிரம் என்றாள்.
ஆயிரத்து எண்ணூற்று அறுபத்து மூன்று.
கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.
"அத்தனை வருசத்துக்கு இவ்வளவுதானா" என்று
அவர் போர்வையைத் தூக்கி உதறியபோது விழுந்தது
மஞ்சள் வெளுத்த ஒரு முடிச்சு.

முடிந்தவள் நான்தான்.
மிதுனாவுக்கு மூன்று வயது, காய்ச்சல்,
ஆஸ்பத்திரி நடையில் விடிய விடிய நின்றேன்.
அதுவரைக்கும் ஞாபகம் இருக்கிறது.
சென்னிமலைக்கா, சிவன்மலைக்கா?
"ரெண்டும் முருகன்தானே" என்கிறார் அவர்.
வேண்டினது ஒரு மலையைத்தானே.
பல்லால் இழுத்து அவிழ்த்தேன்.
உள்ளே நாலணா.

கடன் நிற்கிறது, காசு செத்துவிட்டது.
வட்டி போட்டால் எவ்வளவு வரும் என்று
மிதுனா செல்லில் கணக்குப் பார்த்துச் சிரித்தாள்.
நான் சிரிக்கவில்லை.
பத்து ரூபாய்க் காசில் இரண்டை எடுத்து
தனித்தனியாக முடிந்துவைத்தேன்,
மலைக்கு ஒன்று.
கண்டக்டர் வாங்காததை உண்டியல் வாங்கும்.
மிச்சம் கரண்ட் பில்லுக்குப் போகட்டும்,
அந்த ஆபீஸ்காரரும் எண்ணிக் களைக்கட்டும்.

பாதி ராத்திரி.
தரை சரியில்லாத வீடு.
கதவைத் திறந்தால் பீரோ ஒரு காலைத் தூக்குகிறது.
அவர் மடித்து வைத்த அட்டை அமுங்கிப்போனது.
நாலணாவைக் காலுக்கடியில் தள்ளினேன்.
நின்றது,
என் சேலைகள், அவளுடைய மார்க் ஷீட்,
வாடகை அக்ரிமெண்ட் எல்லாவற்றோடும்.

சாத்தும்போது மட்டும் லேசாகக் கிணுங்குகிறது.
இன்னொரு நாலணா இருந்தால் தேவலாம்.