பிடி

அவர் விழித்திருக்கையிலேயே
மஞ்சள் மருந்தைப் பூசினோம்,
மார்பு முதல் முழங்கால் வரை.
"குளிருது" என்றார் ஹல்வார்ட்.
எழுபத்தொரு வயது, பூர்ஃபியோர் படகுக்காரர்.

மயக்க ஊசியோடு ஸ்டூர்லா
என் கத்தியைப் பார்த்தபடி நின்றார்.
இந்த நோயில் உறங்கவைப்பதும் ஆபத்து:
தசை தளர்ந்தால்
வயிறு தானே கட்டிக்கொண்ட அணையும் தளரும்.

பெருந்தமனி ஆண்டுக்கணக்கில்
ஓசையின்றிப் புடைத்திருக்கிறது,
சைக்கிள் ட்யூபில் பழுதான இடம் மாதிரி.
படகில் உறைந்த பனியை வெட்டிக்கொண்டிருந்த காலை
அதன் பின்சுவர் கிழிந்தது.
இடுப்பு பிடித்துக்கொண்டது என்று நினைத்தாராம்.

டிராம்சோவுக்கு நான்கு மணி நேரம்.
ஹெலிகாப்டர் எழும்ப முடியாத காற்று.
அவ்வளவு நேரமும்
உறைந்த ரத்தக் கட்டி ஒன்று
ஓட்டையில் முதுகைக் கொடுத்து நின்றிருக்கிறது.
அழுத்தத்தை எழுபதிலேயே விட்டுவைத்து
கொண்டுவந்தார்கள், கெட்டிக்காரர்கள்.
புதிதில் நான்
இரக்கப்பட்டு இரண்டு லிட்டர் ஏற்றி
ஒருவரை இழந்திருக்கிறேன்.
பெயர் சொல்ல மாட்டேன்.

திறந்தேன்.
கண்ணுக்கு அங்கே வேலை இல்லை,
எல்லாம் சிவப்பு.
ஈரலை ஒதுக்கி, இரைப்பைக்கு மேலே
விரல்கள் முதுகெலும்பைத் தேடிப் போயின.
தமனியை எலும்போடு சேர்த்து
நசுக்கிப் பிடித்தேன்.
தூண்டிலில் மாட்டிய பெரிய மீன்
படகுக்கு அடியில் ஒரு தரம் திரும்புமே,
அப்படி ஒரு துடிப்பு கட்டைவிரலில்.

ஸ்டூர்லா எண்களை வாசித்தார்.
நாற்பது.
நாற்பது.
ஐம்பத்தைந்து.
கிடுக்கி வந்தபோது
என் கை என்னுடையதாக இல்லை.
பிறகு டாக்ரான் குழாய்,
மேலே ஒரு தையல், கீழே ஒன்று;
அது வெறும் வேலை.

அதே வாரம் வியாழன், வானம் வெளுத்திருந்தது.
போர்கில்ட் என்றொரு இசை ஆசிரியை,
ஹெலிகாப்டரில் இருபது நிமிடம்.
இதே கை, இதே நூல்,
ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை.
மூன்றாம் நாள் சிறுநீரகம் நின்றது.
குடல் கறுத்தது.
அவர் மகனிடம்
"அறுவை நன்றாகத்தான்" என்று தொடங்கி
மீதியை விழுங்கினேன்.

மே மாதம் ஹல்வார்ட் வந்தார்,
காட் மீன் கருவாடு ஒரு கட்டு
அக்குளில் இடுக்கிக்கொண்டு.
சட்டையைத் தூக்கித் தழும்பைக் காட்டி
"ஜிப் வைத்திருக்கலாமே டாக்டர்" என்றார்.
பிறகு கேட்டார்:
"அன்றைக்கு என்னைக் காப்பாற்றிய பெண்
எங்கே இருக்கிறாள்?"

முகம் சூடாகி
ஏதோ அடக்கமாகச் சொல்ல வாயெடுத்தேன்.

"மலைப்பாதையை மூடிவிட்டார்கள்.
பனிவண்டி ஒன்று முன்னால் போனது.
அதன் மஞ்சள் வெளிச்சம்
ஆம்புலன்ஸ் கூரையில் வந்து வந்து போகும்.
அது வரும்வரை சாகக்கூடாது,
வந்ததும் அடுத்தது வரட்டும்,
இப்படியே வந்தேன்."

சாலைத் துறைக்குப் போன் செய்தேன்.
எல்லென் மாரித் என்று பெயர்.
"எந்த நாள்?" என்றாள்.
"ஜனவரி முழுக்க அப்படித்தானே.
பின்னால் என்ன வந்தது என்று
நான் திரும்பிப் பார்ப்பதில்லை,
பார்த்தால் பள்ளத்தில் இருப்பேன்."

அவளுக்கும் கருவாடு போயிருக்கிறது.
எனக்கு வந்ததைவிடப்
பெரிய கட்டு என்று கேள்வி.